முட்டை, தொப்புள்கொடி, என் வலது கண்



பதிவு நீளமானது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். "அம்மா எழுத ஆரம்பிச்சா பீரியட் முடிஞ்சு பெல் அடிச்சாலும் நிறுத்தாது" என்று என் மகள் கிண்டல் செய்வாள். நேரம் கிடைக்கும்போது படியுங்கள். வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் மட்டும் நேரம் ஒதுக்கிப் படியுங்கள்.

போன மாதம் என் வலது கண்ணில் மூன்றாவது ஊசி போட்டார்கள். "கண்ணுக்குள்ளயா ஊசி?" என்று கேட்காதவர்கள் இல்லை. ஆமாம், கண்ணுக்குள்ளேதான். முதலில் மரத்துப்போக சொட்டு மருந்து விடுவார்கள். பிறகு பழுப்பு நிறத்தில் ஒரு திரவம் விட்டுக் கழுவுவார்கள். இமை மூடாமல் இருக்க ஒரு கம்பியை மாட்டிவிட்டு, "மேல பாருங்கம்மா" என்பார்கள். மேலே பார்ப்பதற்குள் வேலை முடிந்துவிடும். உள்ளே போகும் மருந்து வெறும் 0.05 மில்லி. ஒரு சொட்டு அளவுகூட இருக்கிறதா என்று சந்தேகம் வரும். வலியைவிட பயம்தான் பெரிது. பயத்தைவிடப் பெரிது, இது என் தவறால் வந்தது என்ற நினைப்பு.

எனக்குச் சர்க்கரை வந்து பதினாறு வருடம் ஆகிறது. வருடத்துக்கு ஒரு தடவை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் மூன்று முறையாவது சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டுகள் இன்னும் என் கைப்பையில் இருக்கின்றன. பார்வைதான் நன்றாக இருக்கிறதே, எதற்குப் போக வேண்டும் என்று இருந்துவிட்டேன். ஒருநாள் காலையில் செய்தித்தாள் படிக்கும்போது வரிகள் நெளிந்தன. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன், நெளிவு போகவில்லை. இரண்டு நாள் கழித்து நூலாம்படை மாதிரி ஒரு கறுப்பு இழை கண்ணுக்குள்ளேயே மிதந்தது. கையால் விலக்கினால் விலகுமா என்ன?

கண் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "உள்ள தேவையில்லாத புது ரத்தக் குழாய் வளந்திருக்கும்மா. அது பலமில்லாதது. ஒழுகுது, அதான் வீக்கம்" என்றார்.

அப்போது என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் சர்க்கரை. அதற்கு இரண்டு வருடம் முன்பு புதுச் செருப்பு கடித்த சின்னப் புண், நான்கு மாதம் ஆறாமல் இருந்து, கடைசியில் வலது கால் பெருவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த டாக்டர் சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது: "புண்ணுக்கு ரத்த ஓட்டம் பத்தல. புதுக் குழாய் வந்தாத்தான் ஆறும், வரமாட்டேங்குது."

நான் கேட்டேன். "ஏங்க டாக்டர், இவருக்குக் கால்ல குழாய் வேணும், வரல. எனக்குக் கண்ல வேண்டாம், வருது. ரெண்டு பேருக்கும் ஒரே சர்க்கரைதானே?"

அவர் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். "அதெல்லாம் அப்படித்தாம்மா. ஊசிய விடாம போட்டுக்கங்க" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. கைராசியான டாக்டர். ஆனால் அந்தப் பதிலை எங்கேயோ கேட்டது மாதிரி இருந்தது. பஸ்ஸில் வரும்போதுதான் புரிந்தது. அதைச் சொன்னவள் நானேதான்.

1991ஆம் ஆண்டு. நாமக்கல் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி, எட்டாம் வகுப்பு. இரத்த ஓட்ட மண்டலம் பாடம். ஆசிரியர் பயிற்சியில் படித்தபடி 'துணைக்கருவி' இல்லாமல் நான் வகுப்புக்குப் போனதே இல்லை. தெர்மாகோலில் இதயம் செதுக்கி, சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டி, தமனிக்குச் சிவப்பும் சிரைக்கு நீலமும் அடித்து ஒரு மாதிரி செய்திருந்தேன். "ரத்தக் குழாய் மூணு வகை. தமனி, சிரை, தந்துகி" என்று ஒப்பிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் வீட்டில் நாட்டுக்கோழி வளர்த்தார்கள்.

"டீச்சருங்க, ஒரு சந்தேகமுங்க. கோழி அவயத்துல உக்கார்றப்ப முட்டைக்குள்ள நரம்பே இல்லீங்க. அஞ்சாறு நாளு கழிச்சு எங்க அம்மாயி டார்ச் லைட்டுல வெச்சுப் பாத்தா செவப்பா நரம்பு ஓடுதுங்க. அது எங்கிருந்துங்க வருது?"

எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "அதெல்லாம் அப்படித்தான். பாடத்துல இல்லாதத கேக்காத, உக்காரு" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அந்த வருடம் முழுக்க அவன் வேறு சந்தேகமே கேட்கவில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் கழித்து அவன் கேள்வி என் கண்ணுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

என் அக்கா மகள் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். ரத்தக் குழாய்கள் எப்படி வளர்கின்றன என்பதுதான் அவளுடைய வேலையே. இத்தனை நாள் "ஏதோ செல்லு ஆராய்ச்சி" என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். ஊசி போட்ட அன்று இரவு போன் செய்து, "நீ என்னதாண்டி பண்ற, எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றேன். "சித்தி, ஒரே நாள்ல முடியாது" என்றாள். அன்றிலிருந்து தினமும் இரவு எட்டரை மணிக்கு ஒரு கேள்வி, ஒரு பதில். இந்த முறை நான் மாணவி. அவளிடம் கற்றதைத்தான் கீழே எழுதுகிறேன். எழுதியதை அவளிடம் படித்துக் காட்டித் திருத்தியும் வாங்கிவிட்டேன்.

முதலில் ஓர் அடிப்படை. நம் உடம்பில் ஏறக்குறைய எந்தச் செல்லும் ஒரு தந்துகியிலிருந்து ரொம்ப தூரத்தில் இருக்க முடியாது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. அதைத் தாண்டினால் பிராணவாயு போய்ச் சேராது. 1628இல் வில்லியம் ஹார்வி ரத்தம் சுற்றி ஓடுகிறது என்று நிரூபித்தபோது தமனியும் சிரையும் எங்கே இணைகின்றன என்று அவருக்குத் தெரியவில்லை. 1661இல் மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்து அந்த இணைப்பைக் கண்டுபிடித்தார். அதுதான் தந்துகி. இதுவரை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன்.

நடத்தாதது இனிமேல்தான்.

வளர்ந்த மனிதருடைய ரத்தக் குழாய்களின் உள்பக்கத்தில் ஒற்றை வரிசையாகத் தளம் பாவியது போல் இருக்கும் செல்கள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்குமாம். காயம்பட்டால், மாதவிலக்குச் சுழற்சியில், கர்ப்பத்தில் என்று சில சமயம் மட்டும் விழித்துக்கொண்டு புதுக் கிளை விடும். யாரோ கூப்பிட்டால்தான் எழும். கூப்பிடுவது யார்?

இந்தக் கேள்விக்காகப் பாதி உலகத்தின் கேலியைத் தாங்கியவர் ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். 1960களின் தொடக்கத்தில் கடற்படை ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது, முயலின் தைராய்டு சுரப்பியை உடம்புக்கு வெளியே எடுத்து, அதற்குள் திரவம் ஓடவைத்து உயிரோடு வைத்திருந்தார்கள். அதில் புற்றுநோய்ச் செல்களை விட்டுப் பார்த்தார். கட்டி குண்டூசித் தலை அளவுக்கு வளர்ந்து நின்றுவிட்டது. அதே கட்டியை எடுத்து எலிக்குள் வைத்தால் மளமளவென்று வளர்ந்தது. என்ன வித்தியாசம்? எலிக்குள் அதற்குப் புது ரத்தக் குழாய் கிடைத்தது, கண்ணாடிப் பாத்திரத்தில் கிடைக்கவில்லை. கட்டி எதையோ சுரந்து குழாய்களைக் கூப்பிடுகிறது, அந்தக் கூப்பாட்டை நிறுத்தினால் கட்டியைப் பட்டினி போடலாம் என்று 1971இல் எழுதினார். பல வருடம் பெரும்பாலோர் நம்பவில்லை.

நம்பவைக்க ஆதாரம் வேண்டும். மனித உடம்புக்குள் குழாய் முளைப்பதை உட்கார்ந்து பார்க்க முடியாது. ஆக, ஒரு 'மாதிரி' வேண்டும். இந்த வார்த்தையைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாதிரி செய்வது நம் தொழில் அல்லவா!

அவருடைய குழு முதலில் எடுத்தது முயலின் கண். கண்ணின் முன்பக்கக் கருவிழிப்படலம் கண்ணாடி போன்றது, அதில் ரத்தக் குழாயே கிடையாது. அதற்குள் ஒரு துளி கட்டியை வைத்தால், ஓரத்திலிருந்து புதுக் குழாய்கள் அதை நோக்கி வருவது வெளியிலிருந்தே தெரிந்தது. வெள்ளைத் தாளில் சிவப்பு மையால் கோடு போட்டது போல, பழைய குழாயா புதுக் குழாயா என்ற சந்தேகத்துக்கு இடமே இல்லை. 1974இல் இதை வெளியிட்டார்கள். எதுவும் முளைக்கக் கூடாத இடத்தில் முளைக்கவைத்துப் பார்த்த பரிசோதனை அது. என் கண்ணில் நடப்பதும் அதுதானே என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த மாதிரியைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. கோழிமுட்டை!

கரு ஏறிய முட்டையில், ஓட்டுக்கு அடியில் ஒரு சவ்வு விரிகிறது. குஞ்சுக்கு அதுதான் நுரையீரல். ஓட்டில் உள்ள நுண்துளைகள் வழியாக வரும் காற்றை அதன் ரத்தக் குழாய்கள் வாங்கிக்கொள்ளும். முட்டை ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டி, எட்டாம் நாள் பத்தாம் நாள் வாக்கில் அந்தச் சவ்வின்மேல் மருந்து தோய்த்த வடிதாள் துண்டை வைப்பார்கள். குழாயைக் கூப்பிடும் பொருளாக இருந்தால், மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல நாலாபக்கமும் இருந்து குழாய்கள் அந்தத் தாளை நோக்கி வரும். தடுக்கும் பொருளாக இருந்தால் அந்த இடம் வெளிறிப்போகும். மலிவு, வேகம், கண்ணால் பார்க்கலாம். குஞ்சுக்கு அந்த வயதில் எதிர்ப்புச் சக்தி முழுதாக வராததால் மனிதக் கட்டியை வைத்தால்கூட ஏற்றுக்கொள்ளும்.

"அப்ப முட்டையிலயே எல்லாம் தெரிஞ்சிருமே" என்றேன்.

"தெரியாது சித்தி. அந்தச் சவ்வு தானாகவே வளர்ந்துட்டு இருக்கிற சவ்வு. நாம வெச்சதால குழாய் வந்துச்சா, வர இருந்தது வந்துச்சான்னு பிரிச்சுப் பாக்கணும். ஜன்னல் வெட்டறப்ப ஓட்டுத் தூசி விழுந்தாக்கூட அந்த எரிச்சல்ல குழாய் வரும். அப்புறம் முக்கியமா, அது கோழி. மனுஷன் இல்ல."

மனிதச் செல்லுக்கு எங்கே போவது? இங்கேதான் தொப்புள்கொடி வருகிறது.

நம் பக்கத்தில் குழந்தைக்குத் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் அந்தத் துண்டை வெள்ளித் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டுவார்கள். என் மகளின் தாயத்து இன்னும் பீரோவில் இருக்கிறது. ஆனால் அது வயிற்றோடு ஒட்டியிருக்கும் ஒரு விரற்கடைத் துண்டுதான். மிச்சம் ஓர் அடிக்கு மேல் இருக்கும் கொடி, நஞ்சோடு சேர்ந்து குப்பைக்குத்தான் போகிறது. அந்தக் கொடிக்குள் இரண்டு தமனியும் ஒரு சிரையும் இருக்கின்றன. 1973இல் நியூயார்க்கில் எரிக் ஜாஃபி குழுவினர் அந்தச் சிரைக்குள் ஒரு நொதியை நிரப்பிச் சிறிது நேரம் வைத்திருந்து, உள்தளத்துச் செல்களை உரித்துக் கழுவி எடுத்து வளர்த்துக் காட்டினார்கள். மனித ரத்தக் குழாயின் செல் முதல்முறையாகக் கிண்ணத்தில் நம்பகமாக வளர்ந்தது. இன்று உலகம் முழுக்க ஆய்வகங்களில் 'ஹூவெக்' என்று செல்லப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். தாயிடம் சம்மதம் வாங்கி, தூக்கி எறியப்போகும் கொடியிலிருந்து எடுத்தது. யாருக்கும் வலியில்லை.

1980இல் ஃபோக்மனும் ஹாடென்ஷில்டும் இன்னொன்றைக் காட்டினார்கள். தந்துகிச் செல்களைக் கிண்ணத்தில் வாரக்கணக்கில் வளர்த்தால் அவை தாமாகவே சேர்ந்து குழல் ஆகின்றன. இதயம் இல்லை, ரத்தம் இல்லை, உடம்பே இல்லை. குழல் ஆகும் பாடம் அந்தச் செல்லுக்குள்ளேயே எழுதியிருக்கிறது. 1988இல் இதை ஒரே இரவில் நடக்கவைக்கும் வழி வந்தது. எலியின் ஒருவகைக் கட்டியிலிருந்து எடுக்கும் 'மேட்ரிஜெல்' என்ற கூழ். குளிரில் நீராக இருக்கும், உடம்புச் சூட்டுக்கு வந்தால் கெட்டிப்படும். அதன்மேல் சாயங்காலம் செல்களைத் தூவிவிட்டுப் போனால், காலையில் புள்ளியெல்லாம் கோடாகி வலைபோல இணைந்திருக்கும். அக்கா மகள் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர், "யாரு வாசல் கோலம்?" என்று கேட்டார்.

"கோலந்தான் சித்தப்பா, நிஜக் குழாய் இல்ல" என்றாள் அவள். வேறு சில செல்களும் அந்தக் கூழில் இப்படி வலை போடும். அதில் ரத்தம் ஓடாது. தொப்புள்கொடிச் செல் பிறந்த குழந்தையுடையது, அதுவும் பெரிய சிரையிலிருந்து வந்தது. அறுபத்தாறு வயதுச் சர்க்கரை நோயாளியின் கண் தந்துகியும் அதுவும் ஒன்றாகிவிடுமா? ஆகாது.

அவள் செய்யும் இன்னொரு பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தது. கிண்ணத்தின் அடியில் செல்கள் பாய் விரித்தது போல் நிரம்பியதும், நடுவில் பிளாஸ்டிக் முனையால் ஒரு கீறல் போடுவது. இரண்டு பக்கத்துச் செல்களும் நகர்ந்து வந்து கீறலை மூடுகின்றன. எத்தனை மணி நேரத்தில் மூடுகின்றன என்று அளப்பார்கள். சர்க்கரை அதிகமான திரவத்தில் வளர்த்த செல்கள் பெரும்பாலும் மெதுவாகத்தான் நகரும். அவள் அனுப்பிய இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒன்றில் கீறல் மூடிவிட்டது. இன்னொன்றில் நடுவே வெறுமை. என் வீட்டுக்காரரின் கால் விரல் போன கதை ஒரு கிண்ணத்துக்குள் இருந்தது. அவரிடம் காட்டவில்லை.

இதற்கிடையில் கூப்பிடுவது யார் என்பதற்கும் விடை வந்துவிட்டது. 1989இல் நெப்போலியோன் ஃபெராரா குழுவினர் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். பிராணவாயு கிடைக்காத திசு போடும் கூப்பாடு அது. 1994இல் சர்க்கரையால் விழித்திரை கெட்டவர்களின் கண் திரவத்தில் அது நிறைய இருப்பதைக் கண்டார்கள். அதைப் பிடித்துக் கட்டிப்போடும் மருந்து 2004இல் பெருங்குடல் புற்றுநோய்க்கும், 2006இல் இன்னொன்று முதுமையில் வரும் ஒருவகை விழித்திரை நோய்க்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. எனக்குப் போடும் ஊசி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஆக டாக்டரிடம் நான் கேட்ட கேள்விக்கு விடை இப்படி. சர்க்கரை என் விழித்திரையின் நுண்குழாய்களைக் கெடுத்து அடைத்தது. பிராணவாயு கிடைக்காத விழித்திரை உரக்கக் கூப்பிட்டது. அவசரத்தில் முளைத்தவை தரமில்லாத குழாய்கள், ஒழுகின. அவர் காலில் நரம்பு மரத்துவிட்டதால் புண்ணே தெரியவில்லை. கீழே வரும் பெரிய தமனி சுருங்கியிருந்தது. போதாததற்கு அங்கே கூப்பாடும் சரியாகப் போகவில்லை, கேட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டிய செல்லும் சோர்ந்துகிடந்தது. ஒரே சர்க்கரைதான், ஆனால் இடத்துக்கு ஒரு குணம்.

இந்த இடத்தில் என் பழைய தெர்மாகோல் இதயம் ஞாபகம் வந்தது. சிரைக்கு நீலம் அடித்தேன் அல்லவா? பரீட்சை விடைத்தாளில் பாதிப் பிள்ளைகள் 'சிரையில் நீல நிற ரத்தம் ஓடும்' என்று எழுதியிருந்தார்கள். ஓடுவது கரும்சிவப்பு ரத்தம். மாதிரி பொய் சொல்லிவிட்டது. மாதிரியின்மேல் தப்பில்லை. இதில் இந்த இடம் பொய் என்று சொல்லாத டீச்சர்மேல்தான் தப்பு.

விஞ்ஞானிகளுக்கும் இது நடந்திருக்கிறது. 1998இல் ஃபோக்மன் ஆய்வகத்து இரண்டு பொருள்கள் எலிகளின் கட்டிகளைக் கரைத்துவிட்டன என்று ஓர் அமெரிக்க நாளிதழின் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. புற்றுநோய்க்கு மருந்து வந்துவிட்டது என்று நோயாளிகள் போன்மேல் போன் செய்தார்கள். இது எலிக்கு மட்டும்தான் தெரியும் என்று ஃபோக்மனே திரும்பத் திரும்பச் சொன்னார். யார் கேட்டார்கள்? மனிதர்களிடம் சோதித்தபோது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. எத்தனை வீட்டில் நம்பிக்கை வந்து போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இந்தத் துறையைத் தொடங்கிவைத்த அவர் 2008 ஜனவரியில் டென்வர் விமான நிலையத்தில் மாரடைப்பால் காலமானார்.

அதனால்தான் ஒரு மாதிரியை நம்பி யாரும் நிற்பதில்லை. கங்கைச் சமவெளி ஓடைகளில் இருக்கும் வரிக்குதிரை மீன் ஒரு மாதிரி. அதன் குஞ்சு கண்ணாடி போல் இருக்கும். 2002இல் ஜெல்லிமீனின் ஒளிரும் மரபணுவை அதன் ரத்தக் குழாய்ச் செல்களுக்குள் வைத்து, குழாய்கள் மட்டும் பச்சையாக மின்னவைத்தார்கள். உயிரோடு இருக்கும் மீனில் குழாய் முளைப்பதை நேராகப் பார்க்கலாம். இன்னொரு பக்கம், ரப்பர் போன்ற சில்லுக்குள் முடியளவு வாய்க்கால் வெட்டி, மனிதச் செல்களைப் பூசி, திரவம் ஓடவிடுகிறார்கள். கோலத்தில் இல்லாத ஓட்டம் இதில் இருக்கிறது. 2019இல் வியன்னாவில் விம்மர், பென்னிங்கர் குழுவினர் மனிதக் குருத்தணுக்களிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உருண்டைகளாக ரத்தக் குழாய் வலையையே வளர்த்துவிட்டார்கள். அதைச் சர்க்கரையும் அழற்சிப் பொருளும் கலந்த திரவத்தில் வைத்தபோது, சர்க்கரை நோயாளிகளின் நுண்குழாய்களில் காண்பது போலவே சுவர் தடித்தது. எந்தச் சமிக்ஞையால் தடிக்கிறது என்றும் கண்டார்கள். அதை மருந்தாக்க இன்னும் தூரம் போக வேண்டும். ஆனால் என் நோய், என் உடம்புக்கு வெளியே, ஓர் உளுந்தம்பருப்புக்கும் சின்னதான உருண்டைக்குள் இருக்கிறது. என் கண்ணில் குத்திப் பார்க்காமலே அதில் குத்திப் பார்க்கலாம்.

எல்லாம் கேட்டு முடித்ததும் மிச்சம் ஒன்றே ஒன்று இருந்தது. அந்தப் பையன்.

அவன் இப்போது நாற்பத்தைந்து வயது மனிதர். பண்ணை நடத்தும் ஒருவரிடம் குஞ்சு பொரிப்பகத்தில் மேற்பார்வை பார்க்கிறார். தேடிப்போனேன். "டீச்சரா! வாங்கங்க, வாங்கங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வந்தது. வந்த விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு அந்தக் கேள்வி ஞாபகம் இல்லை. கேட்டதே நினைவில்லை என்றார். திட்டு வாங்கியது மட்டும் லேசாக நினைவிருக்கிறதாம்.

"பரவால்ல, பதில கேளு" என்றேன். "முட்டையில ரெண்டாம் நாள் வாக்கில மஞ்சக்கரு மேல செல்லுங்க கூட்டங்கூட்டமா சேரும். ரத்தத் தீவுன்னு பேரு. தீவும் தீவும் கை கோத்து வலையாகும். அதான் முதக் குழாய். அப்புறம் அந்தக் குழாயில ஒரு செல்லு மட்டும் முன்னால நீளும். அவரைக்கொடி நுனி பந்தலத் தேடுற மாதிரி தடவிப் பாத்துட்டே போகும். பின்னால இருக்கிறதெல்லாம் அது போன வழியில போய் உள்ள குடைஞ்சு குழல் ஆகும். நீ கேட்டது அதுதான். எனக்கு அன்னைக்குத் தெரியல. தெரியலன்னு சொல்லாம உன்ன உக்கார வெச்சுட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "அட, அதுக்கோசரமாங்க டீச்சர் இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார். பிறகு எழுந்து, "வாங்க, உங்களுக்கு ஒண்ணு காட்டறனுங்க" என்று இருட்டறைக்குக் கூட்டிப் போனார்.

அங்கே கூமுட்டையைப் பிரிக்க விளக்கு வைத்துப் பார்க்கிறார்கள். ஒரு முட்டையை எடுத்து விளக்கின்மேல் வைத்தார். ஆறு நாள் முட்டை. நான் இடது கண்ணால் பார்த்தேன். நடுவில் கறுப்புப் பொட்டு, சுற்றிலும் சிலந்திக் கால் போல சிவப்பு இழைகள். தெளிவாகத் தெரிந்தது. பிறகு இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் பார்த்தேன். முதலில் வெறும் சிவப்பு வெளிச்சம்தான். பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு இழை தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. கொஞ்சம் நெளிந்துதான் தெரிந்தது. ஆனால் தெரிந்தது. முதல் ஊசிக்கு முன்னால் இதுகூடத் தெரிந்திருக்காது.

"தெரியுதுங்களா டீச்சர்?" என்று கேட்டார். "தெரியுது" என்றேன். மேலே பேச முடியவில்லை.

நண்பர்களே, சொல்ல வந்தது இவ்வளவுதான்.

சர்க்கரை இருப்பவர்கள், பார்வை நன்றாக இருந்தாலும், வருடத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். விழித்திரை கெட ஆரம்பிக்கும்போது வலிக்காது, மங்காது. தெரியும்போது பாதி ஆகிவிட்டிருக்கும். தினமும் இரவு படுக்கும் முன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

இன்னும் வகுப்பில் நிற்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கு: பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் "தெரியல, பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லுங்கள். மறுநாள் மறக்காமல் போய்ச் சொல்லுங்கள். எனக்கு முப்பது வருடம் ஆகிவிட்டது.

நான்காவது ஊசி அடுத்த புதன்கிழமை. போய் வந்து எழுதுகிறேன்.